பாவரொட்டியை மழைக்குள்ள கேட்ட நாள்

பாவரொட்டியைக் கேட்ட அனுபவத்தை எல்லாரும் எழுதினதை வாசிச்சாப் பிறகு சும்மா இருக்க ஏலாமல் போச்சுது, நானும் எழுதுறன். 1991 ஜூலை 30, லண்டன் ஹைட் பார்க், இத்தாலிய ஓப்பராப் பாடகர் லூச்சியானோ பாவரொட்டி மேடையேறி 30 வருஷம் ஆனதுக்கு வச்ச ஃப்ரீ கச்சேரி. நான் அப்ப ஊரில இருந்து வந்து ஒண்டரை வருஷம், பெற்றோல் ஷெட்டில நைட் வேலை, அண்டைக்கு லீவு. ஓப்பரா, அதான் பாட்டாலயே நடத்துற நாடகம், எண்டா என்னெண்டே தெரியாது. முந்தின வருஷம் உலகக் கோப்பை ஃபுட்போல் காட்டேக்க பிபிசியில 'நெஸ்ஸுன் டோர்மா' எண்ட ஓப்பராப் பாட்டைப் போட்டவை, அந்தக் குரல்காரர் தான் வாறாராம் எண்டு கூட வேலை செய்த பெடியன் சொல்ல வெளிக்கிட்டுப் போனம்.

மழையெண்டா அப்பிடி ஒரு மழை. லட்சத்துக்கு மேல சனம், எல்லாற்ற கையிலயும் குடை, மேடையே தெரியேல்லை. பின்னால நிக்கிறவைக்கு மறைக்குது, குடையை மடக்குங்கோ எண்டு அறிவிச்சினம். முன்னுக்கு இருந்த இளவரசி டயானாவும் மடக்கிப்போட்டு நனைஞ்சுகொண்டு தான் இருந்தவ. பாவரொட்டி அவவின்ர புருஷன் சார்ல்ஸிட்ட அனுமதி கேட்டுட்டு அவவுக்கெண்டே ஒரு பாட்டுப் பாடினார், புச்சீனியின்ர 'மனோன் லெஸ்கோ' எண்ட ஓப்பராவில வாறது. எங்களுக்குத் தெரிஞ்சது அவற்ற கையில இருந்த வெள்ளை லேஞ்சி மட்டும் தான்.

கடைசியா நெஸ்ஸுன் டோர்மா. முடிவில 'வின்செரோ', வெல்லுவன் எண்டு அர்த்தம், அந்த இடத்தில குரல் மேல போகேக்க பக்கத்தில நிண்ட பெடியன் அழுறான், அவன்ர ஆக்கள் இடம்பெயர்ந்து எங்கயெண்டே தெரியாமல் இருந்த நேரம் அது. எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை, ஆனா கோயில்ல அப்பா தேவாரம் பாடேக்க வாற அதே நடுக்கம் உடம்பில.

பிறகு தேடித் தேடி வாசிச்சன். அப்பிடிப் பாடுற மூச்சு சும்மா வந்ததில்லை, 1965ல ஜோன் சதர்லண்ட் எண்ட ஓப்பராப் பாடகியோட அவுஸ்திரேலியா டூர் போகேக்க அவவின்ர விலாவுக்குக் கீழ கை வச்சுப் பாத்து மூச்சை எப்பிடித் தாங்கிறா எண்டு படிச்சவராம்.

—

அண்ணா, அப்பா தேவாரம்னு நீங்க எழுதினதும் எனக்கு இதைச் சொல்லணும்னு தோணுச்சு. 2018ல இத்தாலியில மோடேனாவுல பாவரொட்டி வீட்டுக்குப் போனேன், 2007 செப்டம்பர் 6 அங்கதான் இறந்தார், இப்போ மியூசியம். அவங்க அப்பா ரொட்டி சுடுறவர், அருமையான டெனர் (ஆண்கள்ல உயர்ந்த) குரல், ஆனா மேடைன்னா பயம், அதனால தொழிலா எடுத்துக்கவே இல்ல. அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து பாடின மோடேனா பாட்டுக் குழு 1955ல வேல்ஸ்ல லாங்கோலன் இசைப் போட்டியில ஃபர்ஸ்ட் பிரைஸ் வாங்கினப்புறம்தான் பையனுக்கு பாட்டுதான் வாழ்க்கைன்னு ஆச்சு, அப்பவும் ஸ்கூல்ல பாடம் எடுத்து, இன்சூரன்ஸ் வித்துதான் கத்துக்கிட்டார். 1961ல ரெஜ்ஜியோ எமிலியாவுல 'லா போயம்' ஓப்பரா, ரொடால்ஃபோ வேஷம், அதுதான் முதல் மேடை.

ஊர் கதீட்ரல்ல நடந்த இறுதிச் சடங்குல அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து பாடின பழைய ரெக்கார்டிங்கைத்தான் போட்டிருக்காங்க. நான் அங்க போய் கடைசி பெஞ்சுல உக்காந்து ஹெட்ஃபோன்ல அதையே மூணு தடவை கேட்டேன்.