பொருள்: 'ஓவர்ரைடு': மேலெழுது, முந்து, மேலோங்கு

வணக்கம்.

கட்டளைவரி நிரல்களின் உதவிப் பக்கங்களில் 'ஓவர்ரைடு' (ஓரிடத்து மதிப்பு இருக்க, அதை விட்டு வேறிடத்து மதிப்பைக் கொள்வது) என்பதற்குப் பலரும் 'மேலெழுது' என்றே போடுகிறார்கள். பழையதை அழித்து எழுதும் 'ஓவர்ரைட்'டுக்கும் அதே சொல்தான். 'கோப்பிலுள்ள அமைப்பு மேலெழுதப்படும்' என்று படிப்பவர், தன் கோப்பு போய்விடும் என்றல்லவா நினைப்பார்? உண்மையில் கோப்பில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. அந்த ஓர் ஓட்டத்துக்கு மட்டும் கட்டளைவரியில் கொடுத்த மதிப்பு செல்லுபடியாகிறது.

என் முன்மொழிவு: முந்து. 'கட்டளைவரி மதிப்பு கோப்பு மதிப்பை முந்தும்.' பெயர்ச்சொல்லாக 'முந்துரிமை'.

-----

> என் முன்மொழிவு: முந்து.

சொல் சிறியது, விகுதிகளும் எளிதில் ஒட்டும். ஆனால் எதில் முந்துகிறது? தொலைக் கணினியில் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் முதலில் கட்டளைவரி, பிறகு பயனர் கோப்பு, பிறகு பொதுக் கோப்பு என்று படித்து, ஒவ்வொன்றுக்கும் முதலில் கிடைத்த மதிப்பையே வைத்துக்கொள்ளும். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் நேர்மாறு. பொதுக் கோப்பில் தொடங்கிப் பயனர் கோப்பு, களஞ்சியக் கோப்பு என்று வந்து, கடைசியாகப் படித்ததைக் கொள்ளும். ஒன்றில் முந்தியது வெல்கிறது, மற்றதில் பிந்தியது வெல்கிறது. 'முந்தும்' என்று எழுதினால் கிட் பயனர் வரிசையைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார். படிக்கும் வரிசையைச் சொல்லாத வினை வேண்டும்.

'விஞ்சு' எண்களில் உதைக்கும்: கோப்பில் இழைகள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத் தொடர்கள்) 8, கட்டளைவரியில் 2 என்றால் '2 விஞ்சும்' என்பது கேலிபோல் இருக்கிறது. 'மீறு' விதிமீறலாகத் தொனிக்கிறது. 'மேலோங்கு' எப்படி? 'இரண்டும் இருந்தால் கட்டளைவரி மதிப்பே மேலோங்கும்.' முறைக்கு 'மேலோங்கு வரிசை'.

-----

'மேலோங்கு' எனக்குச் சம்மதம். நிரலையும் அந்தச் சொல்லின்படியே எழுதிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். பொதுவாக ஒவ்வொரு தெரிவுக்கும் (ஆப்ஷன்) 'கட்டளைவரியில் உண்டா, சூழல் மாறியில் உண்டா, கோப்பில் உண்டா' என்று தனித்தனி இஃப் தொடர் இருக்கும். தெரிவுகள் பெருகப் பெருக ஏதோ ஒன்றில் வரிசை பிசகும். அதற்குப் பதில் மதிப்பு வரும் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் அகராதி (சாவியும் அதன் மதிப்பும் கொண்ட 'டிக்ட்') வையுங்கள்: கட்டளைவரி, சூழல் மாறி, கோப்பு, இயல்பு மதிப்பு. பைத்தானில் இந்த நான்கையும் அதே வரிசையில், அகராதிகளை அடுக்கிவைக்கும் செயின்மேப்பிடம் கொடுத்தால், மேலிருந்து தேடி முதலில் அகப்பட்டதைத் தரும். கீழிருப்பது அழிவதில்லை.

இதில் பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். கட்டளைவரியைப் பகுத்துத் தரும் ஆர்க்பார்ஸிடமே இயல்பு மதிப்பு 4 என்று சொல்லிவிட்டால், பயனர் எதுவும் தட்டாதபோதும் 4 மேல் அடுக்கில் உட்கார்ந்துகொள்ளும். கோப்பில் உள்ள 8 ஒருநாளும் வெளியே வராது. வெற்று மதிப்பு வைத்தாலும் பயனில்லை, சாவி இருக்கிறதே! பகுப்பானை உருவாக்கும்போதே ஆர்க்யுமென்ட்_டிஃபால்ட் என்பதை சப்ரஸ் என்று வையுங்கள். தட்டியவை மட்டும் அகராதியில் சேரும்.

அடுத்து, சூழல் மாறியும் 'ஐஎன்ஐ' (.ini) வகை அமைப்புக் கோப்பும் தருவது சரங்களை மட்டுமே. 'ஃபால்ஸ்' என்ற சரத்தை, உண்மை/பொய் என மாற்றித்தரும் பூல்-இடம் கொடுத்தால் உண்மை என்றே சொல்லும், சரம் காலியாக இல்லையே. வகைமாற்றத்தை அடுக்கில் வைக்கும் முன்பே முடியுங்கள். கோப்பு ஒரு தெரிவை இயக்கி வைத்தால் அதை நிறுத்தக் கட்டளைவரியில் '--நோ-' வடிவமும் வேண்டும், பைத்தான் 3.9 முதல் பூலியன்ஆப்ஷனல்ஆக்ஷன் அதைத் தானே அமைத்துத் தரும்.

-----

ஒரு விலக்கு. தேடல் பாதைகள் போலப் பலமுறை கொடுக்கும் தெரிவுகளில் பெரும்பாலும் எதுவும் மேலோங்குவதில்லை, எல்லா அடுக்கும் சேர்கின்றன. செயின்மேப் இதைச் செய்யாது. தெரிவு அட்டவணையில் 'மேலோங்கும் / சேரும்' என்று ஒரு நெடுவரிசை வைத்துப் பட்டியல்களைத் தனியே இணைக்க வேண்டும். உதவிப் பக்கமும் அந்த இரண்டு வினைகளையே ஆளட்டும்.

மதிப்பு எங்கிருந்து வந்தது என்று காட்டவும் ஒரு சொல் தேவை (கிட்டில் '--ஷோ-ஆரிஜின்' செய்வது). 'மூலம்' வேண்டாம், மூலநிரலோடு குழம்பும். 'வந்த இடம்' போதும். அடுக்குகளை மேலிருந்து சுற்றி, சாவி முதலில் இருக்கும் அடுக்கின் பெயரை அச்சிட்டால் ஆயிற்று:

இழைகள் = 2 (வந்த இடம்: கட்டளைவரி; கோப்பிலுள்ள 8 மேலோங்கவில்லை)

-----

அப்படியே மாற்றுகிறேன். வெளியீட்டுக் கோப்பு ஏற்கெனவே இருந்தால் கேட்கும் 'மேலெழுதலாமா?' என்ற கேள்வியை மட்டும் தொடவில்லை. அங்கே பழைய கோப்பு நிஜமாகவே போய்விடுகிறது.