குளோரோசிஸ்: ‘பச்சையச் சோகை’ வேண்டாம், ‘வெளிறல்’ போதும்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் சேர்ந்து தொகுக்கும் தொட்டிச்செடி நோய்ச் சொற்பட்டியலில் குளோரோசிஸுக்கு, அதாவது இலை பச்சை நிறம் இழந்து மங்குவதற்கு, ‘பச்சையச் சோகை’ என்றே போட்டுவிடலாம் என்று இழையில் பலர் சொல்லியிருக்கிறீர்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. சொல் அழகாக இருக்கிறதா என்பது என் கவலை இல்லை. செடி வைத்திருப்பவர் இந்தச் சொல்லைப் படித்துவிட்டு நேராக உரக்கடைக்குப் போய் எதை வாங்கப் போகிறார் என்பதுதான் கவலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். வீட்டில் தமிழ், கிருஷி பவனில் (கேரள அரசின் வேளாண் அலுவலகம்) மலையாளம், உரக்கடையில் இரண்டும் கலந்து. அதனால் ஒரே இலைக்கு இரண்டு மொழியிலும் என்ன சொல்கிறார்கள் என்பது தினமும் காதில் விழுகிறது.

சோகைக்கு ஆதரவாக ஐயா ஒருவர் எழுதியது நல்ல வாதம். ஐரோப்பாவில் குளோரோசிஸ் என்பது ஒரு காலத்தில் இளம்பெண்களுக்கு வரும் இரத்தசோகைக்கே பெயராக இருந்தது. செடியிலும் 1843ஆம் ஆண்டு வாக்கில் பிரான்சில் யூசேப் கிரி என்பவர் வெளிறிய இலைகளுக்கு இரும்பு உப்புக் கொடுத்துப் பச்சை திரும்புவதைக் காட்டினார். ஆக மனிதருக்கும் இரும்பு, செடிக்கும் இரும்பு, சொல் பொருந்துகிறதே என்கிறார். எனக்குச் சிக்கலே அங்கேதான். சோகை என்றதும் நம் ஆட்களுக்கு இரும்புச்சத்துதான் நினைவுக்கு வரும். ஆனால் தொட்டியில் இலை வெளிறுவதற்கு இரும்பு ஒரு காரணம், அவ்வளவுதான். தழைச்சத்து (நைட்ரஜன்) பற்றாக்குறை, மெக்னீசியம், மாங்கனீசு, துத்தநாகம், கந்தகம், அடித்துளை அடைத்து வேர் அழுகியது, இலையடியில் சிவப்புச் சிலந்திப்பேன் சாறு உறிஞ்சுவது, எல்லாமே இலையை வெளிறச் செய்யும். நோய்க்குறிக்கு வைக்கும் பெயர் காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டால், பார்ப்பவர் அதற்கு மேல் இலையைப் பார்க்கமாட்டார்.

இன்னொன்று, சோகை என்றால் கரும்பு விவசாயிக்குக் காய்ந்த கரும்புத் தோகை. சோகை உரித்தல், சோகை எரித்தல் என்று தினமும் புழங்கும் சொல் அது. அப்புறம் சோகைக்கு வினை கிடையாது, சோகை பிடித்தது என்றுதான் சொல்லியாக வேண்டும். வெளிறலுக்கு எல்லா வடிவமும் கைவசம் இருக்கிறது: வெளிறுகிறது, வெளிறிய இலை, வெளிறத் தொடங்கியது. குறளில் வரும் வெளிறு அறியாமையைக் குறிக்கும், மரவேலைக்காரர் வயிரம் பாயாத மரத்தை வெளிறு என்பார் என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். சரிதான், ஆனால் ‘முகம் வெளிறிப்போச்சு’ என்று இன்றும் எல்லாரும் சொல்கிறோம், யாருக்கும் குழப்பம் வருவதில்லை.

மலையாளத்தில் இதற்கு மஞ்ஞளிப்பு என்பார்கள். அதையே மஞ்சளிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்ட அக்காவுக்கு: எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் எல்லா வெளிறலும் மஞ்சளில் நிற்பதில்லை. இரும்பு கடுமையாகக் குறைந்தால் கொழுந்து ஏறக்குறைய வெள்ளையாகவே வரும். எதிர்ப்பக்கம், அடியில் வயதான ஓர் இலை மஞ்சளாகி உதிர்வது நோயே இல்லை. அதற்கு நம்மிடம் ‘பழுத்தல்’ என்ற அருமையான சொல் இருக்கிறது. பழுத்த இலையையும் வெளிறிய இலையையும் தமிழ் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கும்போது இரண்டையும் மஞ்சளிப்பில் கொண்டுபோய்ப் போட வேண்டாம்.

அடிச்சொல் வெளிறல் என்று வைத்துக்கொண்டால் மீதி தானாக அமைகிறது. முதலில் எந்த இலையில் தொடங்கியது என்பதைப் பெயரிலேயே கொண்டுவந்துவிட வேண்டும் என்பது என் வலுவான கருத்து. தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகளும் மெக்னீசியமும் செடிக்குள் நகரக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி அவற்றைப் பழைய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். ஆகவே குறை முதலில் தெரிவது அடியிலையில்; அது வெளிறலாக இருந்தால் ‘அடியிலை வெளிறல்’. இரும்பு, சுண்ணாம்புச்சத்து (கால்சியம்), போரான் போன்றவை போய்ச் சேர்ந்த இடத்திலேயே தங்கிவிடும். குறைந்தால் புது இலைக்குக் கிடைக்காது. சுண்ணாம்புச்சத்தும் போரானும் குறைந்தால் நுனி கருகும் அல்லது கோணலாக வளரும்; இரும்பு குறைந்தால் கொழுந்து வெளிறும், அது ‘கொழுந்து வெளிறல்’. இந்த இரண்டு சொல்லையும் சரியாகப் புரிந்துகொண்டாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அடுத்தது இழையில் அதிகம் அடிபட்ட ‘நரம்பிடை வெளிறல்’. இதைச் சுருக்கி ‘நரம்பு வெளிறல்’ ஆக்கலாம் என்ற யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். இரண்டும் நேர் எதிர். நரம்பிடை என்றால் நரம்பு பச்சையாக நிற்க, நடுவில் உள்ள பரப்பு வெளிறுவது. நரம்பே மஞ்சளானால் அது வேறு கதை. வெண்டையில் வரும் மஞ்சள் நரம்புத் தேமல் அப்படித்தான், வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய், மருந்து கிடையாது, செடியைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும். ‘இடை’ என்ற இரண்டெழுத்தை மிச்சப்படுத்தப் போய், பிடுங்க வேண்டிய செடிக்கு ஒருவர் நுண்ணூட்டம் தெளித்துக்கொண்டிருக்க, ஈ பக்கத்துத் தொட்டிக்குப் போய்விடும்.

எங்கள் பக்கத்து நிலவரத்தைச் சொன்னால் நான் ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்பது புரியும். கேரளத்தின் பெரும்பகுதி மண் அமிலத்தன்மை கொண்டது. அதனால் தொட்டிக்கு மண் கலக்கும்போதே கும்மாயம் (நீற்றிய சுண்ணாம்பு) சேர்க்கச் சொல்வது வழக்கம், அங்கே அது சரியான அறிவுரை. ஆனால் எங்கள் பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில் கரிசல் மண் இருக்கிறது, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரோ உப்பும் சுண்ணாம்பும் கலந்த கடினநீர். இந்தத் தண்ணீரை ஊற்றும் தொட்டிக்கு மேலும் கும்மாயமும் அடுப்புச் சாம்பலும் போட்டால், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலை வந்துவிடும். கார அமில நிலை (pH) 7ஐத் தாண்டும்போது இரும்பு கரையாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது.

பக்கத்து வீட்டுச் சேச்சியின் இட்லிப்பூச் செடியில் இதை அப்படியே பார்க்கலாம், அவர்கள் அதைத் தெச்சி என்பார்கள். கீழ் இலைகள் கரும்பச்சையாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்கின்றன. மேலே போகப்போக நிறம் இறங்கி, நுனிக்கொத்தில் வெளிர்மஞ்சள் பரப்பின்மேல் பச்சை நரம்புகள் மட்டும் வலைபோல ஓடுகின்றன, கடைசியாக வந்த குருத்தில் அந்தப் பச்சைக் கோடும் மங்கிவிட்டது. தொட்டியின் விளிம்பைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு. சுரண்டி எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைத்தது, அது சுண்ணாம்பு. ‘நரம்பிடைக் கொழுந்து வெளிறல்’ என்று இதற்குப் பெயர் சொன்னால் போதும், காரணம் இரும்பு கிடைக்காததுதான் என்று ஓரளவு உறுதியாக ஊகிக்கலாம். இதே நரம்பிடை வெளிறல் அடியிலையில் இருந்தால் மெக்னீசியத்தைச் சந்தேகிக்க வேண்டும். செம்பருத்தியிலும் எலுமிச்சையிலும் காம்புப் பக்கம் பச்சை ஆப்பு மாதிரி ஒரு பகுதி மிஞ்சி நிற்கும். சாம்பலை அள்ளிப் போடும் தொட்டிகளில் இது வரும், சாம்பல்சத்து மிகுந்தால் மெக்னீசியத்தை வேர் எடுக்கவிடாது.

இங்கே சொல் தொடர்பான இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இரும்பு சல்பேட்டுக்கு அன்னபேதி என்பது வழக்கு, நல்ல பெயர், பட்டியலில் இருக்கட்டும். ஆனால் மெக்னீசியம் சல்பேட்டைப் ‘பேதி உப்பு’ என்று போட்டிருக்கிறீர்கள். கடையில் இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட வாய்ப்பு இருக்கிறது. எப்சம் உப்பு என்றே விட்டுவிடுங்கள், எல்லாருக்கும் அதுதான் தெரியும்.

சிகிச்சைப் பகுதியில் நான் சேர்க்கச் சொல்வது: கடினநீர்த் தொட்டியில் அன்னபேதியை மண்ணில் போடுவது பெரும்பாலும் வீண், அதுவும் கரையாமல் போய்விடும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளிக்கலாம். மண்ணுக்கென்றால் கீலேட் இரும்புதான் (எளிதில் கரையாமல் போகாதபடி வேறொரு சேர்மத்தோடு பிணைத்த இரும்பு), அதிலும் இ.டி.டி.ஏ. வகை கார மண்ணில் இரும்பைப் பிடித்துவைக்காது, இ.டி.டி.எச்.ஏ. வகை கேட்டு வாங்க வேண்டும். மழைநீர் கிடைக்கும் மாதங்களில் தொட்டி வழிய ஊற்றி உப்பைக் கழுவிவிடுவது எல்லாவற்றையும்விட மலிவு. மெக்னீசியத்துக்கு லிட்டருக்கு 5 கிராம் எப்சம் உப்புத் தெளிப்பு. வெளிறிய பழைய இலை மீண்டும் முழுப் பச்சை ஆகாமல் போகலாம், அடுத்து வரும் இலையைப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து மலிவாக வரும் கழுவாத தென்னைநார்க் கழிவை அப்படியே நிரப்புகிறவர்களுக்கும் ஒரு வரி வேண்டும், அதில் உள்ள சோடியமும் சாம்பல்சத்தும் இலை ஓரத்தைக் கருக்கிவிடும். அதற்கு ‘ஓரக்கருகல்’.

நெக்ரோசிஸுக்கு ‘மடிவு’ என்றால் இலை மடக்குப்புழு குறுக்கே வருகிறது, வெறும் ‘கருகல்’ ஏற்கெனவே இலைக்கருகல் நோய்க்குப் போய்விட்டது. திசு இறப்பு என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்.

இலைப்புள்ளியில் சண்டையே இல்லை, மலையாளத்திலும் இலப்புள்ளிதான். அதன் வகைகளுக்குத்தான் சொல் வேண்டும். தக்காளியின் அடியிலையில் ஒன்றுக்குள் ஒன்றாக வளையம் வளையமாக வரும் பூஞ்சைப் புள்ளிக்கு ‘வளையப்புள்ளி’. பாக்டீரியா புள்ளி பெரும்பாலும் நரம்பில் முட்டி நின்று மூலை மூலையாகத் தெரியும், அதற்குக் ‘கோணப்புள்ளி’. அது முதலில் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி இருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும். இந்த நிலையை அகராதிகள் ‘நீர் ஊறிய’ என்கின்றன. ‘நீர்கோத்த புள்ளி’ என்றால் நம் வாய்க்கு இன்னும் இயல்பாக வருகிறது. இந்தப் பிரிவு மருந்துக்கு முக்கியம், பூஞ்சைக்கு அடிக்கும் மேன்கோசெப் பாக்டீரியாவுக்குப் பெரிதாக உதவாது. காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் இரண்டையும் ஓரளவு அடக்கும். ரோஜாவின் கரும்புள்ளிக்கு ஓரம் நேராக இருக்காது, நார் பிரிந்த மாதிரி இருக்கும். இலை ஏறக்குறைய 7 மணி நேரம் ஈரமாக இருந்தால்தான் அந்தப் பூஞ்சை தொற்றும், ஆகவே மாலையில் இலைமேல் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, உதிர்ந்த இலையைப் பொறுக்கி அகற்றினாலே நிறையக் குறையும். இங்கே சூடோமோனாஸ் (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மை பாக்டீரியா) தூளை லிட்டருக்கு 20 கிராம் கலந்து தெளிக்கச் சொல்கிறார்கள், அதைத் தாமிர மருந்தோடு ஒரே நாளில் கலக்கக் கூடாது.

புள்ளியைச் சுற்றி வரும் மஞ்சள் வளையத்துக்கு ‘ஒளிவட்டம்’ என்ற முன்மொழிவு எனக்கு ஒட்டவில்லை, சாமி படம்தான் கண்ணில் நிற்கிறது. பரிவேடம் என்ற பழைய சொல் பொருள் சரி, தோட்டக்காரருக்கு எட்டாது. ‘நிலா வட்டம் கட்டியிருக்கு’ என்று சொல்வதுபோல ‘மஞ்சள் வட்டம்’, ‘வட்டம் கட்டிய புள்ளி’ என்று வைக்கலாமா? ஆந்திரத்தில் நகரி, புத்தூர், குப்பம் பக்கத்து நண்பர்கள் இதற்கு உங்கள் தோட்டங்களில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதினால் அதையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் பட்டியலை மூடலாம்.