முந்தி வந்தது மன்னிப்பா, மனந்திரும்புதலா? (அனுபவப் பகிர்வு)

உறுப்பினர், உடன்குடி:

என் தகப்பனார் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்துவந்தார். அவரிடம் கணக்கெழுதிய ஒருவர், பனையேறிகளுக்குக் கொடுக்க வேண்டிய முன்பணத்தில் ஒரு பெருந்தொகையைக் கையாடிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். பல ஆண்டுகள் கழித்து, லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில்) ஒரு மாலை வேளையில், அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எடுத்த தொகையோடு, வேதாகமத்தின் லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தின்படி ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டிக் கொண்டுவந்திருந்தார். பணத்தைக் கொடுத்தால்தான் மன்னிப்பைப் பற்றிப் பேசவே முடியும் என்று எண்ணி வந்தவரிடம், அப்பா பழைய பேரேட்டை எடுத்துக் காட்டினார். அவர் பெயருக்கு நேரே இருந்த தொகை, அவர் ஊரைவிட்டுப் போன ஆண்டிலேயே அடிக்கப்பட்டிருந்தது. பணத்தை நீட்டியபோது நிதானமாக நின்றிருந்த மனிதர், அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் உடைந்து அழுதார்.

தேவனுடைய தயவே மனிதனைக் குணப்படும்படி ஏவுகிறது என்று ரோமர் 2:4-இல் பவுல் எழுதியிருப்பதை அதுவரை நான் ஓர் உபதேசமாக மட்டுமே அறிந்திருந்தேன். அதன்பின் லூக்கா 19-ஐ வாசித்தபோது, அங்கும் அதே வரிசையைக் கண்டேன். ஆயக்காரனான, அதாவது வரி வசூலிப்பவனான, சகேயு ஒரு வார்த்தையும் பேசுமுன்பே, இயேசு அவனைப் பெயர் சொல்லி அழைத்து, அவன் வீட்டில் தங்கப்போவதாகச் சொல்லிவிடுகிறார். பாதி ஆஸ்தியை ஏழைகளுக்குக் கொடுப்பதும் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்புவதும் அதன் பிறகே வருகின்றன.

அப்பா முதல் தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு, கூடுதல் பங்கைத் திருப்பிக் கொடுத்தார். மன்னித்த பிறகு முதலை மட்டும் ஏன் வாங்கினீர்கள் என்று நான் கேட்டதற்கு, "நான் வாங்காவிட்டால் அவர் இந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கமாட்டார், ஐயா" என்றார்.

உறுப்பினர், தூத்துக்குடி:

நாங்கள் கத்தோலிக்கர். சிறு வயதிலிருந்தே பாவசங்கீர்த்தனத்தை ஒரு கொடுக்கல் வாங்கலாகவே நான் புரிந்துவைத்திருந்தேன்: பாவத்தைச் சொல்வது, குருவானவர் கொடுக்கும் அபராதத்தை (ஜெபம் போன்ற பரிகாரச் செயலை)த் தீர்ப்பது, அத்தோடு கணக்கு முடிந்தது என்று வீடு திரும்புவது. ஒரு தவக்காலத்தில், சொன்ன பாவத்தையே மறுபடி மறுபடி சொல்லிவந்த என்னிடம் முதிய குருவானவர் ஒருவர், "பாவமன்னிப்பு வாக்கியத்தை நான் எப்போது சொல்கிறேன், நீங்கள் அபராதத்தைத் தீர்ப்பதற்கு முன்பா, பின்பா?" என்று கேட்டார். முன்பு என்றேன். அப்படியானால் எதற்கு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றார். ஆதித்திருச்சபையில் கொடிய பாவங்களுக்கு நீண்ட காலத் தவம் முடிந்த பிறகே பாவிகள் நற்கருணைக்குச் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள் என்பதும், பிற்காலத்தில் அந்த முறை மாறியதென்பதும் அவர் விளக்கியே எனக்குத் தெரியும். அபராதத்தை நான் இப்போதும் தவறாமல் தீர்க்கிறேன். மருந்துக்குப் பின் இருக்கும் பத்தியத்தைப் போல. (உடன்குடி நண்பரின் தகப்பனார் முதலை மட்டும் வாங்கிக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.)

உறுப்பினர், நாகர்கோவில்:

இரண்டு பகிர்வுகளையும் மதிக்கிறேன். ஆயினும் எதிர்ப்பக்கத்தில் நின்றவர்களுக்கும் ஓர் அனுபவம் உண்டு. எங்கள் குடும்பத்து நிலத்தைப் பொய்ப் பத்திரத்தால் எடுத்துக்கொண்ட உறவினர் ஒருவர், பிற்பாடு ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று, கர்த்தர் தம் கடந்தகாலத்தையெல்லாம் மன்னித்துவிட்டதாகக் கண்ணீரோடு சாட்சி சொன்னார். என் தாயார் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடிந்து வெளியே வந்த அந்த உறவினர் எங்களைக் கண்டு, "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஜெர்மானியப் போதகரான தீத்ரிச் போன்ஹோஃபர் 1937-இல் 'மலிவான கிருபை', அதாவது மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பு, என்று கண்டித்தது இதைத்தான் என்று நான் நினைத்தேன், இன்றும் பெரும்பாலும் அப்படியே நினைக்கிறேன்.

இருந்தாலும் ஆங்கிலேய மாலுமியான ஜான் நியூட்டனின் வாழ்க்கை என்னைச் சற்றே தயங்க வைக்கிறது. 1748-இல் நடுக்கடல் புயலில் தேவனை நோக்கிக் கூப்பிட்ட அந்த மனிதர், அதன் பிறகும் 1754 வரை அடிமைக் கப்பல்களில் தொழில் செய்தார். பின்னர் குருப்பட்டமும் பெற்றார். ஆனால் அந்த வியாபாரத்துக்கு எதிராகத் தம் குற்றத்தை அறிக்கையிட்டு எழுதியது 1788-இல்தான். புயலுக்கும் அந்த எழுத்துக்கும் இடையே 40 ஆண்டுகள் சென்றன. 1750-இல் அவரைக் கண்ட ஒருவர், இவர் மனந்திரும்பியது பொய் என்று தீர்த்திருந்தால் அப்படித் தீர்த்தவரைக் குறைசொல்ல முடியாது. அதே வேளையில், சங்கிலியில் கிடந்தவர்களுக்கு அந்த 40 ஆண்டுகளும் மிக நீண்டவை என்பதையும் மறக்கக் கூடாது.

உறவினரைத் தாம் மன்னித்துவிட்டதாக என் தாயார் சொல்கிறார். நிலத்துக்காகத் தொடர்ந்த வழக்கை அவர் திரும்பப் பெறவில்லை. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று எங்கள் போதகர் கருதுகிறார். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. தகப்பனார் முதலை வாங்கிக்கொண்டதாக எழுதிய உடன்குடி உறுப்பினர் இதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று அறிய விரும்புகிறேன்.