ஓ.ஆர்.எஸ். கொடுத்தும் பேதி நிற்கவில்லையென்றால் எங்கே தப்பு?

அங்கன்வாடி டீச்சர்:
ஒன்றரை வயதுக் குழந்தை, எடை 10 கிலோ. நேற்றிலிருந்து ஏழெட்டு தடவை தண்ணியாய்ப் போகிறது, மூன்று வாந்தி. ரத்தமோ சளியோ இல்லை. அம்மா தம்ளருக்கு ரெண்டு ஸ்பூன் ஓ.ஆர்.எஸ். தூள் போட்டுக் கலக்கிக் கொடுத்தார். குடித்ததும் வாந்தி, பேதியும் நிற்கவில்லை. இப்போது மெடிக்கலில் மாத்திரை கேட்கப் போகிறார். எப்படிப் புரியவைப்பது?

நர்ஸ்:
ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்துகிற மருந்தே இல்லை டீச்சர், போன நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுப்பது. இதை முதலில் சொல்லுங்க, பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்தது அளவு. ரெண்டு டீஸ்பூன் சுமார் 10 கிராம். 200 மி.லி. தம்ளருக்கு 4 கிராம் சொச்சம்தான் வரணும். கரைசல் கெட்டியானால் குடல் உடம்பிலிருந்தே நீரை இழுக்கும், பேதி கூடும், ரத்தத்தில் உப்பும் ஏறும். பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலில் அளந்து, முழுசையும் ஒரே தடவையில் கொட்டணும். காய்ச்சி ஆறிய தண்ணி. கரைத்த பிறகு சூடு பண்ணக் கூடாது. பால், ஜூஸ், சர்க்கரை எதுவும் சேர்க்காதீங்க. 24 மணி நேரம் தாண்டினால் கீழே ஊற்றிடணும்.

வாந்தி வந்தால் 10 நிமிஷம் விட்டு, ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். பாலாடையில் மடமடவென்று ஊற்றுவதால்தான் பாதி வாந்தி. ஒவ்வொரு தடவை பேதி போனதும் 50 முதல் 100 மி.லி. கண் குழிந்து, நை நை என்று அழுது, தாகத்தோடு பறந்து குடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்க. அங்கே கிலோவுக்கு 75 மி.லி. கணக்கில், இந்தக் குழந்தைக்கு 750 மி.லி., நாலு மணி நேரத்தில் கண்காணித்துக் கொடுப்பார்கள்.

மருந்துக்கடைக்காரர்:
பேதியை நிறுத்தக் கேட்கிற லோபரமைடு மாத்திரை சின்னப் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. குடல் அசைவு நின்று வயிறு உப்பிடும். ஆன்டிபயாடிக்கும் இப்போது வேண்டாம், இந்த வயதில் தண்ணிப் பேதி பெரும்பாலும் வைரஸ். ரத்தம் வந்தால் அது சீதபேதி, கதையே வேறு, டாக்டர்தான் எழுதணும். கேட்டு வாங்க வேண்டியது துத்தநாக (ஜிங்க்) மாத்திரை: ஆறு மாசத்துக்கு மேல் தினம் 20 மி.கி., ஒரு ஸ்பூன் தண்ணியில் கரைத்து, 14 நாள். பேதி நின்றதும் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், விடக் கூடாது.

கிராமத்தான்:
பாக்கெட்டுக்குப் பதில் இளநீர் போதாதா?

நர்ஸ்:
கூட கொடுக்கலாம், பதிலாக ஆகாது. அதில் பொட்டாசியம் உண்டு, சோடியம் ரொம்பக் குறைவு. பாக்கெட் கிடைக்கும்வரை ஒரு லிட்டர் தண்ணிக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு ஒரு சிட்டிகைகூட மிஞ்சக் கூடாது. தாய்ப்பால், இட்லி, மோர்ச்சோறு எதையும் நிறுத்தாதீங்க, பட்டினி போடுகிற வழக்கம் இன்னும் போகவில்லை.

அங்கன்வாடி டீச்சர்:
பாட்டி தொக்கம் எடுக்க, அதாவது உள்ளே சிக்கிய உணவை நாட்டு வைத்தியரிடம் எடுக்க, கூட்டிப்போகணும் என்கிறார்.

நர்ஸ்:
குழந்தை துவண்டு கிடந்தாலோ, குடிக்க முடியாமல் போனாலோ, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் ரெண்டு விநாடிக்கு மேல் மடிப்பு நின்றாலோ டிரிப் ஏற்றணும். அப்போது தொக்கத்துக்கு நேரமில்லை, நேரே 108.