புதுப்பிப்பு: வடிகால் பம்பின் கடகட சத்தம்

பழைய சலவை இயந்திரத்துக்கு மாற்று வடிகால் பம்ப் பொருத்தியதும், தண்ணீர் தீரும் நேரத்தில் கடகடவென்று சத்தம் வருகிறதே என்று இங்கே கேட்டிருந்தேன். இரண்டு பம்புகளையும் பிரித்துப் பார்த்துவிட்டேன்.

பழையது ஷேடட் போல் (shaded pole) என்ற எளிய வகை ஏசி மோட்டார். செம்புச் சுருள், தகட்டு அடுக்கு, பின்னால் குளிர்விக்க ஒரு சிறு விசிறி. ஒரே திசையில்தான் சுழலும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்தத் தகடுகள் 100 ஹெர்ட்ஸில் அதிரும். அந்தச் சீரான ரீங்காரத்துக்குத்தான் என் காது பழகியிருந்தது.

புதியதன் சுழலி நிரந்தரக் காந்தம். எந்தத் திசையிலும் கிளம்பும், ஆனால் சுமையோடு கிளம்பத் திணறும். அதனால், முதலில் சுமையில்லாமல் கிளம்பட்டும் என்று, தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரத்தை அச்சோடு இறுக்காமல் வேண்டுமென்றே தளர்வு விட்டிருக்கிறார்கள். விரலால் திருப்பினால் சற்றுத் தூரம் சும்மா ஓடி, 'டக்' என்று முட்டி நிற்கிறது. தண்ணீர் நிறைந்திருக்கும்போது சுமை அதை ஒரு பக்கமாக அழுத்திப் பிடிக்கிறது. காற்று புகுந்ததும் அந்தத் தளர்வுக்குள் முன்னும் பின்னும் மோதுகிறது.

ஆக, பழுது இல்லை. புதியது மின்சாரம் குறைவாக இழுக்கிறது, நல்லதுதான். ஆனாலும் பழைய பம்பைத் துடைத்து எடுத்து வைத்திருக்கிறேன். அதன் தாங்கியை (பேரிங்) மாற்ற முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.