புதுப்பிப்பு: டைல்ஸ் தரையில் பாலே விழா, வழுக்கல் தீர்ந்தது

எங்கள் ஊர்க் கூடத்தில் பாலே விழா வைக்கிறோம், தரை சிமெண்ட் மேல் டைல்ஸ், பிள்ளைகள் குதித்தால் முழங்கால் என்னாகும், வழுக்காமலிருக்க என்ன செய்வது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. விழா நல்லபடியாக முடிந்தது, யாருக்கும் அடி இல்லை.

கைகொடுத்தது பிளைவுட் யோசனைதான். அடியில் ஃபோம் துண்டுகள், மேலே 2 அடுக்குப் பலகை. மேலடுக்கின் இணைப்பு கீழடுக்கின் இணைப்புக்கு நேராக வராதபடி மாற்றி வைத்துத் திருகினோம். அதன்மேல் நடனத்துக்கான வினைல் விரிப்பு. அதை முந்தின இரவே பிரித்துப் போடச் சொன்னவருக்குத் தனி நன்றி: சுருளைப் பிரித்தபோது அலை அலையாக நின்றது, காலையில் படிந்திருந்தது. பிறகே டேப் ஒட்டினோம். ரோசின் தூள் (வழுக்காமலிருக்க ஷூவில் தடவும் பிசின் தூள்) போடவில்லை. வினைலில் பிசுபிசுத்து அழுக்குப் பிடிக்கும்.

எதிர்பாராதது சத்தம். பாயிண்ட் ஷூவின் (கால்விரல் நுனியில் நின்று ஆடப் போடும் ஷூ) முனை, துணியும் பசையும் அடுக்கி இறுக வைத்தது. பலகையில் பட்டதும் டொக் டொக்கென்று இசையை மீறிக் கேட்டது. பெரிய பிள்ளைகள் முனையைச் சுத்தியலால் மெல்லத் தட்டி இளக்கிக்கொண்டார்கள், நன்றாகவே குறைந்தது.

கடைசியில் பாட்டிமார் சிலர் மேடையேறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு பேத்திகளோடு பிளியே (முழங்காலை மடக்கி நிமிரும் பாலே அசைவு) செய்தார்கள். அந்தத் தரை அவர்களையும் தாங்கியது.