ரேடியோவில் பழைய பாட்டு: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

நிலக்கோட்டைக்காரன்:

எங்கள் பக்கம் இன்றைக்கும் கொடைக்கானல் எஃப்.எம்.தான். 100.5-ல் வைத்தால் முள்ளைத் திருப்பவே வேண்டாம். எஃப்.எம். அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். கோபுரம் மலை மேல் நிற்பதால் திண்டுக்கல், தேனி, மதுரை எல்லாம் அதன் பார்வைக்குள் வந்துவிடுகின்றன. ஆனால் நான் சொல்ல வந்தது அப்பத்தாவைப் பற்றி.

அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கூலிக்குப் பூக் கட்டுவார். கால் கட்டைவிரலில் நாரை மாட்டிக்கொண்டு, பக்கத்தில் ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கை அதுபாட்டுக்குப் போகும். ஒருநாள் ஒரு பழைய பாட்டு ஓடியது. சித்தப்பா பி.பி. ஸ்ரீநிவாஸ் என்றார். "இல்லடா, இது ஏ.எம். ராசா குரலு. செத்த பொறு, சொல்லுவாக" என்றார் அப்பத்தா. பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் படத்தின் பெயர், எழுதியவர், பாடியவர், இசை என்று வரிசையாகச் சொன்னார். ராஜாதான்.

கல்யாணப் பரிசு படத்துக்கு இசையும் ராஜாதான் என்பது எனக்கு அப்பத்தா சொல்லித்தான் தெரியும். 1959-ல் வந்த படம். அதற்குப் பாட்டெழுதிய பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் அதே வருடம் 29 வயதில் காலமாகிவிட்டார். அவர் பெயரை ரேடியோவில் சொல்லும்போதெல்லாம் அப்பத்தா "சின்ன வயசுல போயிட்டாரே மகராசன்" என்பார். எந்தப் புத்தகத்தையும் திறக்காதவருக்கு இவ்வளவும் எங்கிருந்து வந்தது? பாட்டுக்கு முன்னும் பின்னும் அறிவிப்பாளர் சொல்லும் அந்த இரண்டு வரியிலிருந்துதான். போனில் எந்தப் பாட்டும் கிடைக்கிறது, சரி. ஆனால் அதை யார் எழுதினார் என்று போன் தானாகச் சொல்வதில்லை. பழைய பாட்டு ரேடியோவில் இன்னும் உயிரோடு இருப்பதற்கு என்னைப் பொறுத்தவரை இதுதான் காரணம்.

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து:

தம்பி, உங்களுக்குக் கொடைக்கானல் என்றால் எங்களுக்கு இலங்கை வானொலி. மத்திய அலை உப்புத் தண்ணீர் மேல் நன்றாகப் பயணம் செய்யும். அதனால் கொழும்பு எங்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி கேட்கும். இந்தப் பக்கத்து நிலையங்கள்தான் இரையும்.

1952-க்குப் பிறகு, தகவல் ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் காலத்தில், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அருகிப்போனது. அந்த நேரத்தில் நாடே இலங்கைப் பக்கம் திரும்பியது. 1957 அக்டோபரில் அகில இந்திய வானொலியே சினிமாப் பாட்டுகளோடு விவித பாரதி சேவையைத் தொடங்கிய பிறகும் எங்கள் வீட்டு முள் நகரவில்லை. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீது என்று அந்தக் குரல்களை விட மனசு வரவில்லை. காலையில் பொங்கும் பூம்புனல் நிகழ்ச்சி கேட்காமல் அப்பா கடைக்குக் கிளம்ப மாட்டார்.

அப்பா ஒரு பாட்டு நோட்டு வைத்திருந்தார். பழைய கணக்கு நோட்டுதான். வரவு, செலவு கட்டங்களில் படம், பாடியவர், எழுதியவர், இசை என்று எழுதியிருப்பார். அறிவிப்பு காதில் சரியாக விழாவிட்டால் அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுவிடுவார், யூகித்து எழுத மாட்டார். மாதக்கணக்கில் காலியாகக் கிடந்த கட்டம் வேறு மையில் நிரம்பியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதே பாட்டு திரும்ப வரும் வரை காத்திருந்திருக்கிறார்!

யாழ்ப்பாணத்திலிருந்து:

அண்ணா எழுதியதை வாசித்ததும் எனக்கும் எழுதத் தோன்றியது. தொண்ணூறுகளில் எங்களுக்கு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் பற்றரியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுப்போம். ஒருவர் கையால் பெடலைச் சுற்ற வேண்டும். கை ஓய்ந்தால் பாட்டும் தேய்ந்து நின்றுவிடும். பெடியள் முறை வைத்துச் சுற்றுவோம். அக்கம்பக்கத்துச் சனமும் வந்து முற்றத்தில் இருக்கும்.

அம்மம்மாவின் கட்டளை ஒன்றுதான்: "பாட்டுக்கு நடுவில களைச்சால் ஆள் மாறுங்கோ, அறிவிப்பாளர் கதைக்கேக்க மட்டும் நிப்பாட்டாதேங்கோ." புதுப்பாட்டுக்கு யாரும் அவ்வளவு சுற்றவில்லை. சுசீலா பாடினால் போதும், கை நோவு தெரியாது. அந்தக் காலத்தில் எங்கள் முற்றத்தில் சிரிப்புச் சத்தம் கேட்ட பொழுதுகளில் பாதி, அந்தச் சைக்கிளைச் சுற்றி இருந்த பொழுதுகள்தான்.

நிலக்கோட்டைக்காரன்:

அம்மம்மா சொன்னதை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மனசு நிறைந்துவிட்டது.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். இப்போது தனியார் எஃப்.எம்.களிலும் இரவு சாப்பாட்டு நேரத்துக்கு மேல் பழைய பாட்டு போடுகிறார்கள், சந்தோஷம். ஆனால் சிலவற்றில் பாட்டு முடியும் முன்பே விளம்பரம் வந்துவிடுகிறது. படத்தின் பெயர் சொன்னால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எழுதியவர் பெயர் வருவதேயில்லை. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? வானொலியில் வேலை பார்ப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், நிகழ்ச்சி தயாரிப்பவர் காதில் போட்டு வையுங்கள்.

அப்புறம் ராமநாதபுரம் அண்ணே, அந்த நோட்டு இன்னும் பத்திரமாக இருக்கிறதா? ஜி. ராமநாதன் இசையமைத்த பாட்டுகள் உள்ள பக்கங்களைப் படம் எடுத்துப் போடுங்கள். காலியான கட்டம் ஏதாவது மிச்சம் இருந்தால் அதையும் போடுங்கள், நாங்கள் கேட்டுச் சொல்கிறோம்.